சின்னப் படகு முதலில்

காயலின் வாயை ஐவோரா கயிறு போட்டு அடைத்துவிட்டாள். இந்தக் கரையில் ஒரு கண்டல் மரம், அந்தக் கரையில் ஒரு கண்டல் மரம், நடுவில் இழுத்துக் கட்டிய தடித்த கயிறு. அது போதாதென்று தன் துடுப்புப் படகைக் கயிற்றின் மத்தியில் கொண்டுபோய் நிறுத்தி, அதன் மேல் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டாள். கரையில் இருந்தவர்களுக்கு நல்ல வேடிக்கை. "மீன் விக்கிறவ கடலுக்கே கதவு போட்டுட்டாடா" என்று ஒருவன் கத்த, மற்றவர்கள் சிரித்தார்கள்.

சிரிப்பதற்கு அது நாள் இல்லை. புயல் மறுநாள் விடியும்போது தீவின் மேல் ஏறும் என்று ரேடியோ காலையிலிருந்து தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தது. வானம் மட்டும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நீலமாக இருந்தது. கரியாக்கூ தீவில் பிறந்தவர்கள் அந்த நீலத்தை நம்புவதில்லை.

புயல் என்றால் அந்த ஊர்ப் படகுகளுக்கு ஒரே புகலிடம் இந்தக் காயல்தான். நாலாபுறமும் கண்டல் காடு. வேர்கள் தண்ணீருக்குள் விரல் விட்டு நிற்கும். உள்ளே போய் நாலைந்து மரங்களில் கட்டிவிட்டால் எந்தக் காற்றும் படகைப் பிடுங்காது. ஆனால் உள்ளே போகும் வழி குறுகல். ஊர் வழக்கம் என்னவென்றால், பெரிய படகு முதலில் போகும். அதன் கேப்டன் தனக்குப் பிடித்த மரத்தைத் தேர்ந்தெடுப்பார், கொஞ்சம் ரம் ஊற்றுவார், அவருக்குப் பின்னால் அடுத்த பெரியவர். கல்யாணப் பந்தியில் பெரிய மனிதர்கள் முதலில் உட்காருவது போல. யார் எப்போது ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியாத இந்த மரியாதையால் போன புயலில் நடந்தது என்ன? பெரிய படகுகள் மூன்றும் போய் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. பின்னால் வந்த சின்னப் படகுகள் நுழைய முடியாமல் வாயிலேயே கிடந்து ஒன்றோடொன்று மோதிச் சுள்ளியாகின. அந்தச் சின்னப் படகுகளில் பாதி, கடற்பாசி வளர்க்கிற பெண்களுடையவை. பெரிய படகுகளுக்குக் கீறல் கூட இல்லை. அவற்றின் கேப்டன்கள் ரொம்ப நாள் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். கேட்கிறவர்களுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகுதான் ஐவோராவும் அவள் தோழி ஓடெட்டும் மற்றப் பெண்களும் சேறு தொடை வரை ஏற, காற்று பெயர்த்துப்போட்ட இடமெல்லாம் கண்டல் நட்டார்கள். "சேத்துல குச்சி நடுற சங்கம்" என்று அவர்களுக்குப் பெயர் வைத்தார்கள். குச்சி மரமாயிற்று. பெயர் வைத்தவர்கள் மெல்ல மறந்துபோனார்கள்.

அப்புறம் காயல் தலைவர் என்று ஒரு பதவி வந்தது. சம்பளம் இல்லை, நாற்காலி இல்லை, புயல் வந்தால் திட்டு மட்டும் உண்டு. ஆகவே ஆண்களில் ஒருவரும் போட்டியிடவில்லை. ஐவோரா நின்றாள், ஜெயித்தாள். முதல் கூட்டத்திலேயே எழுந்து சொன்னாள்: இனிமேல் சின்னப் படகு முதலில், ஆழமாக உள்ளே. பெரிய படகு கடைசியில். எல்லோரும் கை தூக்கி ஆமோதித்தார்கள். அன்றைக்கு வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது, கை தூக்குவதில் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

இப்போது நஷ்டம் வந்து நின்றது. அதுவும் யார் உருவில்? அவளுடைய சொந்த அண்ணன் காஸ்மோரின் உருவில்.

ஊரிலேயே பெரிய பாய்மரப் படகு அவனுடையது. 'லேடி பிலோமின்' என்று அம்மாவின் பெயரை வைத்திருந்தான். சிமெண்டும் ஆடும் ஏற்றிக்கொண்டு பெரிய தீவுக்குப் போய் வருகிற படகு. அந்தக் குடும்பத்தில் பாதிப் பேருக்கு அதுதான் சோறு. அது மெதுவாக வந்து, கயிற்றுக்கு முன்னால் நின்றது. காஸ்மோர் மேலிருந்து எட்டிப் பார்த்தான்.

"ஏய் ஐவோரா, விளையாட்டு போதும். கயித்தை அவுரு."

"சின்னதெல்லாம் உள்ள போகட்டும் அண்ணே. நீ கடைசி."

"நானா? கடைசியா?" அவன் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தான். அவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். "அப்பா காலத்துலேருந்து நம்ம படகுதான்டி முதல்ல போகும்."

"தெரியும். அதான் மத்தவங்க படகெல்லாம் அடுப்புக்குப் போச்சு."

கரையில் ஒரு பெண் கெக்கலித்தாள். காஸ்மோருக்குக் காது சிவந்தது.

"உன்னைத் தலைவியாக்கினது யாரு தெரியுமா? நாங்க. சிரிச்சிக்கிட்டே ஓட்டுப் போட்டோம்."

"அழுதுகிட்டே போட்டிருந்தாலும் ஓட்டு ஓட்டுதான். சங்கடமா இருந்தா அடுத்த தடவை நீ நில்லு."

"இரு. மத்த ரெண்டு கேப்டனையும் கூட்டிக்கிட்டு வரேன். மூணு படகும் சேர்ந்து வந்தா உன் கயிறு தாங்குதா, நீ தாங்குறியான்னு பாப்போம்."

படகு துறைப் பக்கம் திரும்பியது. அதன் அலையில் ஐவோராவின் படகு ஆடியது. அவள் விழாமல் நின்றாள்.

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. மூன்று படகு வந்தால் கயிறு நிற்காது. அவள் ஒதுங்கினால் பழைய கதை மறுபடி நடக்கும், சின்னப் படகுகள் வாயில் கிடந்து சாகும். இனி எந்தப் பெண்ணும் அந்தத் தலைவர் பதவியைக் கேட்கவும் முடியாது. ஒதுங்காமல் சின்னப் படகுகளை முதலில் விட்டால், கடைசியாக வரும் அண்ணன் படகு வாயிலேயே நின்று உடையும். அம்மா பெயர் போட்ட படகு. கயிற்றின் முனையில் ஆடிக்கொண்டிருந்தது இவ்வளவும்.

சின்னப் படகுக்காரர்கள் கரையோரமாகவே நின்றார்கள். கயிற்றை அவள் தூக்கிப் பிடித்து "போங்க, போங்க" என்றாலும் ஒருவரும் நகரவில்லை. பெரியவர்களுக்கு முன்னால் போய் நாளைக்கு யார் முகத்தில் விழிப்பது என்ற கவலை அவர்களுக்கு. புயலை விட முகம்தான் அந்த ஊரில் பெரிய பயம்.

ஓடெட் தண்ணீரில் இறங்கி நடந்தே அவளிடம் வந்தாள். கடற்பாசி வளர்க்கிறவள். பேச்சில் உப்பு கொஞ்சம் தூக்கல்.

"என்னடி செய்யப் போற? இப்படியே நின்னு கொடிமரம் ஆகப் போறியா?"

"தலைவின்னு சொன்னா ஒருத்தனும் கேக்க மாட்டேங்குறான்டி."

"ஆம்பளைங்க எப்ப சும்மா சொன்னா கேட்டிருக்காங்க? சோத்தைப் போட்டாத்தான் காதே திறக்கும்."

ஐவோரா அவளையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். பைத்தியம் பிடித்தது இவளுக்கா தனக்கா என்று ஓடெட்டுக்குச் சந்தேகம் வந்தது.

"ஓடெட், நான் மரூன் கூப்பிடப் போறேன்."

"எதுக்கு? வீடு கட்டவா? நாளைக்கு இருக்கிற வீடே நிக்குமான்னு தெரியல."

"படகு கட்ட. மரத்துல."

அந்தத் தீவில் மரூன் என்றால் சாதாரண விஷயமில்லை. ஒருவருக்கு நிலம் உழவோ கூரை போடவோ ஆள் வேண்டுமென்றால் சங்கு ஊதி மரூன் கூப்பிடுவார். வருகிறவர்களுக்கெல்லாம் அவர் சோறு போடவேண்டும். கூலி கிடையாது. ஆனால் அவர் பானையில் கை வைத்தவன், பொழுது சாய்கிற வரைக்கும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவன். அது கேப்டனோ பாதிரியோ, வேறுபாடு கிடையாது. சாப்பிட்டுவிட்டு சொன்னதைச் செய்யாதவனின் வீட்டுக்கூரை பறந்தால் அந்தப் பக்கம் ஒரு நாய் கூட எட்டிப் பார்க்காது. மழை வேண்டிக்கூட மரூன் கூப்பிட்டதுண்டு; படகுக்காக யாரும் கூப்பிட்டதில்லை. கூடாது என்றும் யாரும் சொன்னதில்லை.

"எதை வச்சுடி சமைப்ப?" என்றாள் ஓடெட்.

"நம்ம சங்கத்துச் சோள மாவு. துவரை. கருவாடு."

ஓடெட்டின் முகம் மாறிவிட்டது. அது புயலுக்குப் பிறகு சாப்பிட என்று பெண்கள் வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்தது. கடை திறக்கிற வரை, கப்பல் வருகிற வரை அதுதான் பிள்ளைகளின் வயிறு. "இன்னைக்குக் கொட்டிட்டா நாளைக்கு என்னத்தைத் தின்கிறது?" என்றாள் மெதுவாக.

"படகு இருந்தா மீன் திங்கலாம். படகு போச்சுன்னா இந்த மாவு எத்தனை நாளுக்கு வரும், சொல்லு."

ஓடெட் ஈரப் பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "தோத்துட்டோம்னா முதல்ல உன்னைத்தான் சமைப்போம்" என்று சொல்லிவிட்டுக் கரைக்கு ஓடினாள். வழியெல்லாம் பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனாள்.

காயல் கரையிலேயே கல் கூட்டி அடுப்பு மூட்டினார்கள். பெரிய செப்புப் பானைகள் வந்தன. சோள மாவு கொதித்துக் களியாகத் திரள, துடுப்பு நீளத்துக்கு அகப்பை பிடித்துக் கிண்டினார்கள். களியைச் சுரைக்குடுக்கையில் போட்டு உருட்டி உருண்டையாக வாழை இலையில் அடுக்கினார்கள். துவரைக் குழம்பும் வெங்காயம் போட்ட கருவாடும் மணக்க ஆரம்பித்தபோது ஐவோரா முறைப்படி தரையில் கொஞ்சம் தண்ணீரும் கொஞ்சம் ரம்மும் தெளித்தாள். முன்னோருக்கு ஒரு தட்டு தனியாக வைத்தாள். பிறகு சங்கை எடுத்து ஊதினாள்.

அந்தச் சத்தம் மேட்டுத் தெரு வரை போயிற்று. ஜன்னலுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தவர்கள் சுத்தியலோடு வந்தார்கள். காலையிலிருந்து யாரும் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கவில்லை. புயல் பயத்தில் அடுப்பு எரியாத ஊரில் கருவாட்டு மணம் என்ன பாடுபடுத்தும் என்று சொல்லத் தேவையில்லை.

"மரூனா? புயலுக்கு யாராச்சும் மரூன் கூப்பிடுவாங்களா?" என்று சுத்தியல்காரர் ஒருவர் சட்டம் பேசினார்.

"மழை வரணும்னு கூப்பிடுறோம்ல? புயல் போகணும்னு கூப்பிடக் கூடாதா?" என்றாள் ஓடெட். "சட்டம் பேசுறதுன்னா பேசு. தட்டை அடுத்தவருக்குக் குடுத்துடுறேன்."

அவர் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் மூன்று பெரிய படகுகளும் வரிசையாக வந்தன. முன்னால் லேடி பிலோமின். காஸ்மோர் கையில் அரிவாள். கயிற்றை வெட்டத் தயாராகத்தான் வந்தான். வந்தவன் கரையைப் பார்த்ததும் அரிவாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். ஊரே சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

அவனுடைய ஆட்களில் பெஸில் என்று ஒருவன். உடம்பும் பெரிது, பசியும் பெரிது. மூக்கை உயர்த்தி ஒரு தடவை இழுத்தான்.

"கேப்டன், கருவாடு."

"பேசாம நில்லு."

"வெங்காயம் போட்டிருக்கு கேப்டன்."

"சாப்பிட்டா அவ சொல்றதைக் கேக்கணும்டா, அறிவு கெட்டவனே!"

"நீங்க சொல்றதையும்தான் இவ்வளவு நாளா கேக்குறேன். நீங்க ஒரு நாளும் வெங்காயம் போட்டதில்லையே" என்று சொல்லிவிட்டுப் பெஸில் தண்ணீரில் குதித்தான். அவன் குதித்ததும் மற்றவர்களும் குதித்தார்கள். அடுத்த இரண்டு படகுகளின் ஆட்களும் இறங்கினார்கள். அந்தக் கேப்டன்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, கடைசியில் தாங்களும் வேட்டி இல்லாத குறையாகக் கால்சட்டையை மடித்து இறங்கிவிட்டார்கள்.

லேடி பிலோமினில் காஸ்மோர் மட்டும் தனியாக நின்றான். அவ்வளவு பெரிய படகை ஒற்றை ஆளாக எங்கே கொண்டுபோக?

ஐவோரா அவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் இளகிவிடுவோம் என்று பயந்தாள். கடைசிக் கவளம் இறங்கியதும் குரல் கொடுத்தாள்.

"சாப்பிட்டாச்சா? இப்ப வேலை. சின்னப் படகு முதல்ல. ஆர்லீன் படகை மேற்கு மூலைக்குக் கொண்டுபோங்க, அங்க வேர் தடிப்பு. பெஸில், நீ தண்ணிக்குள்ள நின்னு தள்ளு. புதுசா நட்டதுல கட்டாதீங்க, பழைய மரத்துல கட்டுங்க. கயிறு உரசுற இடத்துல பழைய டயர் வையுங்க!"

யாரும் முணுமுணுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டார்களே! முகம் பார்த்துத் தயங்கி நின்ற சின்னப் படகுக்காரர்களுக்கும் இப்போது தயக்கம் போய்விட்டது. பெரியவர்களை மீறியதாக ஆகாது, மரூன் சொல்லுக்குக் கீழ்ப்படிந்ததாக ஆகும். படகுகள் கயிற்றுக்குக் கீழே குனிந்து குனிந்து உள்ளே போயின. காலையில் சிரித்தவனும் இப்போது கழுத்தளவு தண்ணீரில் நின்று, கடற்பாசி வளர்க்கிற ஆர்லீனின் படகைத் தள்ளினான். காயலுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தமும் பாட்டும் கலந்து கேட்டது. புயலுக்கு முந்திய நாளில் அந்த ஊர் பாடி யாரும் கேட்டதில்லை.

கயிற்றை அவிழ்த்துவிட, நடுத்தரப் படகுகளும் போய், மற்ற இரண்டு பெரிய படகுகளும் நுழைந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. காற்றும் முதல் தடவையாக முகத்தில் அடித்தது. காஸ்மோர் தண்ணீரில் இறங்கி நடந்து வந்தான். அரிவாளைப் படகிலேயே விட்டிருந்தான். பானைக்கு முன்னால் வந்து நின்றான்.

"இருக்கா?" என்றான்.

"அடிப்பானையில ஒட்டினதுதான் இருக்கு அண்ணே."

"குடு."

அவள் சுரண்டிப் போட்டாள். அவன் வாயில் வைக்குமுன் கேட்டான்: "எங்க கட்டணும் என் படகை?"

சொல்லத்தான் வேண்டும். அவள் சொன்னாள். "வாயில. குறுக்க. மூடி மாதிரி. வர்ற அலை முதல்ல அதுல அடிக்கும். உள்ள இருக்கிறது தப்பிக்கும்."

"அப்ப என் படகு?"

"அடி முழுக்க அதுக்குத்தான். உடைஞ்சாலும் உடையும். பொய் சொல்ல மாட்டேன்." அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். "ஊர்ல இருக்கிற கயிறெல்லாம் போட்டுக் கட்டச் சொல்றேன் அண்ணே. அதுக்கு மேல என்னால ஆகாது."

காஸ்மோர் காயலுக்குள் பார்த்தான். அத்தனை படகுகளும் மரங்களுக்கு நடுவே தொட்டில் பிள்ளைகளைப் போல நெருங்கிக் கிடந்தன. பிறகு களியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான். "தீஞ்சுபோச்சு" என்றான். ஆனால் இலையை மிச்சம் வைக்காமல் வழித்தான்.

புயல் சொன்ன நேரத்துக்கு வந்தது. அதற்கு மட்டும் அந்தத் தீவில் ஒரு ஒழுங்கு உண்டு. ஊர் முழுக்கக் கல் தேவாலயத்துக்குள் ஒண்டியிருந்தது. கூரைத் தகடுகள் பறக்கிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்கும்போது, யாருடையது என்று ஆளுக்கொரு வீடு சொன்னார்கள். ஐவோராவின் கூரை போன சத்தத்தை அவளே அடையாளம் சொன்னாள். மத்தியானம் காற்று ஓய்ந்ததும் யாரும் தன் வீட்டைப் பார்க்கப் போகவில்லை. எல்லோரும் காயலுக்கு ஓடினார்கள்.

கண்டல் காட்டில் இலை என்று ஒன்று இல்லை. ஆனால் மரங்கள் நின்றன. குச்சி நட்ட சங்கத்தின் மரங்கள் சேற்றை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றன. அவற்றுக்குப் பின்னால் படகுகள். ஆர்லீனின் படகு. ஓடெட்டின் படகு. எல்லாம் இருந்தன. ஒன்று கூடப் போகவில்லை. ஓடெட் சேற்றில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பெஸில் அவளைத் தூக்கப்போய்த் தானும் உட்கார்ந்து அழுதான். பெண்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கத்தினார்கள், குதித்தார்கள். சேறு பறந்து எல்லோர் முகத்திலும் அடித்தது, யாரும் துடைக்கவில்லை.

ஐவோரா மட்டும் வாய்ப் பக்கம் போனாள். லேடி பிலோமின் கட்டிய இடத்திலேயே கிடந்தது. பாய்மரம் பாதியில் முறிந்து தண்ணீரில் தொங்கியது. கடல் பார்த்த பக்கத்துப் பலகைகள் உடைந்து விலா தெரிந்தது. மிதந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். அவளுக்கு உள்ளே என்னவோ அறுந்தது. காஸ்மோர் ஏற்கெனவே படகில் ஏறி, முறிந்த பாய்மரத்தில் கை வைத்து நின்றான். அவள் ஏறிப் பக்கத்தில் போனாள்.

"அண்ணே..."

படகின் அறைக்குள் இருந்த வயர்லெஸ் கரகரத்தது. பெரிய தீவிலிருந்து ஒரு அதிகாரியின் குரல். ஒவ்வொரு ஊராகக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருந்தார் போலும். காஸ்மோர் குனிந்து அதை எடுத்தான்.

"இருக்கோம். எல்லாரும் உசுரோட இருக்கோம். படகும் எல்லாம் இருக்கு" என்றான்.

எல்லாமுமா என்று அதிகாரி மறுபடி கேட்டார். காலையிலிருந்து அவர் அப்படி ஒரு பதிலைக் கேட்டிருக்கமாட்டார். பிறகு, அங்கே பொறுப்பு யார் என்று கேட்டார்.

"என் தங்கச்சி. ஐவோரா மெக்லாரன்."

அவர் இன்னும் ஏதோ கேட்டார். ஆண்கள் யாரும் இல்லையா, அவர்களில் ஒருவரிடம் பேச வேண்டும் என்பது அரைகுறையாகக் கேட்டது. கரையில் குதித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கிப் படகைப் பார்த்தார்கள்.

"ஏன் இல்லாம?" என்றான் காஸ்மோர். "நிறைய பேர் இருக்கோம் ஐயா. எல்லாரும் அடுத்து என்ன செய்யணும்னு அவ சொல்றதுக்காகத்தான் நிக்கிறோம்." அவன் வயர்லெஸைத் தங்கையின் கையில் வைத்தான். "பேசு. இந்தப் படகுக்கு ஒரு பாய்மரம் வேணும்னு முதல்ல கேளு."

ஐவோரா கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு பேசத் தொடங்கினாள்.